அரை இஞ்ச் தகடு

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் வந்து பதினோரு நாளாகிறது. இரண்டு தடவை பதில் எழுத உட்கார்ந்து, வீட்டு நலம், மழை நிலவரம் என்று நாலு வரி எழுதிக் கிழித்துப் போட்டேன். நீ கேட்டிருப்பது ஒரே ஒரு விஷயம். அப்பாவின் சின்ன வெல்டிங் மெஷினை ஓசூருக்கு எடுத்துக்கொண்டு போகலாமா, லீவு நாட்களில் சிநேகிதனோடு சேர்ந்து கேட், ஜன்னல் கம்பி என்று ஆரம்பித்து, பிறகு டிராக்டர் டிரெய்லருக்கு அடிச்சட்டம் செய்கிற அளவுக்குப் போகலாமா, அந்த மெஷின் கனத்த இரும்புக்குத் தாங்குமா என்று கேட்டிருக்கிறாய். அப்பா இல்லாததால் என்னிடம் கேட்பதாக எழுதியிருக்கிறாய். வெல்டிங்கைப் பற்றி உன் அப்பாவுக்குத் தெரிந்ததில் காலே அரைக்கால்தான் எனக்குத் தெரியும். ஆனால் இந்த ஒரு கேள்விக்கு அவரைவிட எனக்குத்தான் அதிகம் தெரியும். அது ஏன் என்று சொல்லத் துணிவதற்குத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

உன் அப்பா பத்திரப்பதிவு ஆபீசில் எழுத்தர். காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுத்தவர் நிலத்தின் நான்கு எல்லைகளை எழுதிக்கொண்டிருந்த மனிதர். அவருக்கு என்ன பிடிக்கும் என்று கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் எனக்கே தெரியாது. அவரோடு படித்த கடையநல்லூர்க்காரர் ஒருவர் துபாயிலிருந்து கப்பலில் திரும்பி வரும்போது அந்த மெஷினைக் கொண்டுவந்தார். தம்பி கடை வைப்பான் என்று வாங்கியது, தம்பிக்கு அதில் மனம் இல்லை, அதனால் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மேலே கைப்பிடி வைத்த ஒரு பெட்டி, இரண்டு கேபிள், முன்னால் திருகுகிற ஒரு குமிழ், அவ்வளவுதான். அதைப் பின்வாசலில் வைத்துவிட்டு உன் அப்பா நின்ற நிற்பை நான் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதைக்கூட விட்டுவிட்டு அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். பூந்தொட்டி வைக்கிற ஸ்டாண்டு, சைக்கிள் கேரியர், பக்கத்து வீட்டுக் கொடிக்கம்பி என்று ஒவ்வொன்றாகச் செய்தார். யாரிடமும் கூலி வாங்கமாட்டார். நான் இன்னொரு கறுப்புக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, ஆடாமல் இருக்கக் கம்பியை இடுக்கியால் அழுத்திக்கொண்டு பக்கத்தில் இருப்பேன். ஒட்டு ஆறியதும் மேலே படிந்திருக்கும் கசடைச் சின்னச் சுத்தியலால் தட்டி உதிர்ப்பது என் வேலை. அது உதிர்ந்து உள்ளே பளபளவென்று வரிவரியாக ஒட்டு தெரியும்போது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். எங்கள் வாழ்க்கையில் அதுதான் நல்ல காலம்.

அந்த மெஷினுக்கு ஓர் அளவு உண்டு என்பது அவருக்கு ஆரம்பத்திலேயே தெரியும். அதைப் போட்டால் வீட்டு பல்பு மங்கும். வயற்காட்டுப் பம்புசெட்டெல்லாம் ஓடுகிற நேரத்தில் கரண்ட் இழுத்துக்கொண்டு கிடக்கும், அப்போது உருக்கி ஒட்டுகிற ராடு தகட்டில் போய் ஒட்டிக்கொண்டு நிற்குமே தவிர உருகாது. தொடர்ந்து மூன்று ராடு எரித்தால் பெட்டி கொதித்துவிடும், அரைமணி நேரம் ஆறப்போட வேண்டும். மெல்லிய கம்பிக்கும் பட்டைக்கும் அது போதும். கனத்த தகட்டில் வைத்தால் சூட்டையெல்லாம் தகடே குடித்துவிடுகிறது, ஒட்டு மேலே மட்டும் உட்காருகிறது, உள்ளே பிடிப்பதில்லை என்று அவர் ஒருநாள் எனக்கு விளக்கிச் சொன்னார். மேலே பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, அதுதான் பயம் என்றும் சொன்னார்.

இனி உன் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அண்ணனை நீ பத்து வயதுக்குப் பிறகு பார்த்ததில்லை. அவர் பொய் சொல்கிறவர், நாம் சொன்னதைச் சொல்லவே இல்லை என்றவர் என்று கேட்டே வளர்ந்தாய். அதைச் சொன்னது உன் அப்பா. கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தது நான். அண்ணனுக்குக் குருவிகுளம் பக்கம் மானாவாரிக் காடு நிறைய, கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் எலுமிச்சை. வாய் கொஞ்சம் பெரிது. காட்டில் வேலை செய்யாத ஆண்பிள்ளையை அவர் மதித்ததில்லை. என் வீட்டுக்காரரை முகத்துக்கு நேரே மாப்பிள்ளை என்பார், என்னிடம் தனியாகப் பேசும்போது பேனாக்காரர் என்பார். அது எனக்குத் தைத்துக்கொண்டே இருந்தது.

மழை இரண்டு வருஷம் தொடர்ந்து பொய்த்தபோது அண்ணன் கிணற்றை ஆழப்படுத்தினார். கல்லையும் மண்ணையும் மேலே தூக்க ஆயில் இன்ஜினில் ஓடுகிற பழைய கிரேன் ஒன்று வைத்திருந்தார். அந்தக் கிரேனின் கை கீழே வந்து ஊன்றுகிற இடத்தில் அரை இஞ்ச் கனத்துக்கு ஒரு தகடு உண்டு. கையின் பாரம், இரும்புத் தொட்டியின் பாரம், அதில் கிடக்கும் கல்லின் பாரம் எல்லாம் அந்தத் தகட்டில்தான் இறங்கும். ஆடி மாதம் ஒருநாள் தகடு சட்டத்திலிருந்து விட்டுவிட்டது. நல்லவேளையாக அப்போது தொட்டி காலி. ராஜபாளையம் ரோட்டில் இருந்த பட்டறைக்குக் கொண்டுபோனார். ஆடித்தபசுக்குக் கொடியேறிவிட்டது, ஆட்கள் இல்லை, திருவிழா முடிந்துதான் கையில் எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். கிணற்றில் அப்போதுதான் ஊற்று கசிய ஆரம்பித்திருந்தது. எலுமிச்சை இலை சுருண்டுகொண்டிருந்தது. அண்ணன் தகட்டையும் சட்டத்துண்டையும் பஸ்ஸின் மேலே ஏற்றிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்துவிட்டார். என் கல்யாணத்துக்குப் பிறகு அவர் உன் அப்பாவிடம் ஏதாவது ஒன்று கேட்டு வந்தது அன்றைக்குத்தான்.

உன் அப்பா தகட்டைப் புரட்டிப் பார்த்தார். விரல் வைத்து அளந்தார். இது என் மெஷினுக்கு மீறின வேலை மச்சான், பத்து நாள் பொறுத்தால் பட்டறையில் பெரிய மெஷினில் ஒழுங்காகப் பிடித்துக் கொடுப்பார்கள் என்று மெதுவாகச் சொன்னார். அண்ணன் சாமானை அங்கேயே போட்டுவிட்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்று போய்விட்டார். அவர் போனபிறகு நான் உன் அப்பாவிடம் பேசிய பேச்சை அப்படியே எழுதுகிறேன். அழகுபடுத்தி எழுதினால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை.

"தெருவுல போறவன் வாறவனுக்கெல்லாம் ஒட்டிக் குடுக்கீங்க. எங்க அண்ணன் ஒருநாள் வந்து கேட்டா மட்டும் மெஷினுக்குச் சீக்கு வந்துருமோ? அவுக பேனாக்காரர்னு சொல்லுதது சரிதான்னு நீங்களே காட்டிக் குடுக்கீங்க."

அவர் மறுநாள் ஆபீசுக்கு லீவு எழுதிக் கொடுத்தார்.

மூன்று நாள் அந்த வேலையைச் செய்தார். மெஷினால் ஆகாததைத் தன் உடம்பால் ஈடுகட்டப் பார்த்தார். தகட்டின் விளிம்பை உளியாலும் அரத்தாலும் சரிவாக ராவினார். இரண்டு சரிவும் சேரும்போது நடுவில் ஒரு பள்ளம் விழும், அந்தப் பள்ளத்தின் அடியிலிருந்து ஒட்டைப் படிப்படியாக நிரப்பிக்கொண்டு வந்தால் சின்ன மெஷினிலும் கனத்த இரும்பைப் பிடிக்கலாம் என்று எங்கேயோ படித்திருந்தார். அது உண்மைதான். ஆனால் பள்ளம் அடிவரைக்கும் இறங்க வேண்டும். அரத்தால் ராவி அவர் பாதிவரைக்கும்தான் வந்திருந்தார், உள்ளங்கையெல்லாம் கொப்புளம். இரண்டாம் நாள் மத்தியானம் அண்ணன் ஆள் விட்டு எப்போது முடியும் என்று கேட்டனுப்பிவிட்டார். கரியடுப்பில் தகட்டைச் சுடவைத்து, மூன்று ராடு எரிப்பதும், மெஷின் ஆறக் காத்திருப்பதும், நான் கசடு தட்டுவதும், மறுபடி எரிப்பதுமாகப் போயிற்று. ஆடி மாதத்துக் காற்று வேறு, சாக்கைக் கட்டி மறைத்தும் தீப்பொறி அலைந்தது. முடிந்தபோது ஒட்டு அவ்வளவு அழகாக இருந்தது. பட்டறைக்காரனால்கூட அப்படி வரி போட முடியாது என்று நான் சொன்னேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் மிச்சம் கிடந்த இரண்டு துண்டை அதேமாதிரி ராவி, அதேமாதிரி சுடவைத்து ஒட்டினார். ஆறியதும் கல்லில் முட்டுக்கொடுத்துச் சம்மட்டியால் அடித்தார். நாலாவது அடியில் அது விட்டது. பிளந்த இரண்டையும் என் கையில் கொடுத்தார். மேல்பாதியில் ஒட்டு இரும்போடு இரும்பாகக் கலந்திருந்தது. கீழே பாதியில் அரம் ராவிய கோடுகூட அழியாமல் அப்படியே இருந்தது. நெருப்பு அங்கே போகவேயில்லை.

மறுநாள் அவர் ஆபீசுக்குப் போகவேண்டும். அண்ணன் பத்து மணிக்கு மாட்டுவண்டியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே உன் அப்பா என்னிடம் சொன்னார்: "மச்சான்கிட்ட மறக்காம சொல்லிரு. பாதிதான் பிடிச்சிருக்கு. அரைத் தொட்டிக்கு மேல ஏத்தக் கூடாது. கீழ ஆள் நிக்கும்போது தூக்கவே கூடாது. தபசு முடிஞ்சதும் பட்டறையில குடுத்து மறுபடி பிடிச்சிரணும். அந்த உடைஞ்ச துண்டையும் காட்டு, அப்பத்தான் அவருக்கு மனசுல படும்."

சரி என்றேன்.

அண்ணன் வந்தார், வண்டிக்காரரும் இன்னும் இரண்டு பேரும் கூட வந்தார்கள். தகட்டைப் பார்த்ததும் குனிந்து ஒட்டின் மேல் விரலை ஓட்டினார். சிரித்தார். மாப்பிள்ளைக்குள் இப்படி ஒரு கை இருப்பது இத்தனை நாள் நமக்குத் தெரியாமல் போயிற்றே என்று கூட வந்தவர்களிடம் சொன்னார். என் புருஷனைப் பற்றி என் அண்ணன் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. உடைந்த துண்டு இரண்டும் அடுப்படி ஜன்னலில் இருந்தது. எடுத்து வரவேண்டும் என்று நினைத்தேன். எடுத்து வந்தால் அந்தச் சிரிப்பு எப்படி மாறும் என்பதும் எனக்குத் தெரிந்தது. பார்த்தியா, பேனாக்காரர் வேலை பேனாக்காரர் வேலைதான் என்பார், அதுவும் நாலு பேர் முன்னால் என்பார். நாளைக்கு ஆள்விட்டுச் சொல்லிக்கொள்ளலாம், நாமே ஒருநடை போய்ச் சொல்லலாம் என்று என்னையே சமாதானம் பண்ணிக்கொண்டேன். மோர் கொடுத்தேன். வண்டி போயிற்று. நாளை என்பது நாலு நாளாயிற்று. ஐந்தாம் நாள் செய்தி வந்தது.

நிறைதொட்டி பாதி தூரம் ஏறியபோது தகடு விட்டிருக்கிறது. கிணற்றுக்குள் மூன்று பேர் நின்றார்கள். இரண்டு பேர் சுவரோடு ஒதுங்கிவிட்டார்கள். சுடலைமுத்து என்பவர் ஒதுங்கவில்லை. முப்பது வயது இருக்கும். கல் உடைப்பதில் கெட்டிக்காரர் என்று வேற்றூரிலிருந்து அண்ணனே வரவழைத்துக் குடிவைத்தவர். கட்டிலில் வைத்து மேலே தூக்கியபோதே உயிர் இல்லை. கிராம முன்சீப் வந்து, பழைய கிரேன், கை முறிந்து விபத்து என்று எழுதிக்கொண்டு போனார். போலீசும் அதையே எழுதிக்கொண்டது. அந்தத் தகட்டை யாரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

உன் அப்பா ஆபீசிலிருந்து பாதியில் வந்தார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "சொன்னியா?" என்று கேட்டார். "சொன்னேன்" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்ததும் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அந்தப் பழியை அவர் தலையில் வைக்காமல் இருப்பதற்காகச் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் தலையில் விழாமல் இருப்பதற்காகத்தான் சொன்னேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அண்ணன் வந்தார். இளைத்துப் போயிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. இது பாரம் தாங்காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை என்று கேட்டார், சண்டைக்குக் கேட்கவில்லை, கெஞ்சுகிற மாதிரி கேட்டார். உன் அப்பா திகைத்துப் போனார். விவரமாகச் சொல்லித்தானே விட்டேன், உங்கள் தங்கையிடம் சொல்லித்தானே விட்டேன் என்றார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சொன்னேனே அண்ணே," என்றேன். "நீங்கதான் அவசரத்துல காதுல வாங்கல."

அண்ணன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, சொல்லியிருப்பா. நான்தான் கேக்கல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். உன் அப்பாவுக்கு அது போதவில்லை. கேட்காதது மட்டுமல்ல, சொல்லவில்லை என்று வேறு வந்து கேட்டாரே, ஒரு உயிர் போனபிறகும் பழியை நம் மேல் போடப் பார்த்தாரே என்று அவருக்குக் கோபம் ஆறவே இல்லை. அன்றோடு அந்த வீட்டுக்கும் நமக்கும் போக்குவரத்து நின்றது. நாலு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் இறந்தபோதும் உன் அப்பா வரவில்லை. நான் மட்டும் பஸ் ஏறிப் போய்விட்டு வந்தேன். உனக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்தாய், அதனால் பதினாறாம் நாள் காரியத்துக்கு நீயும் வரவில்லை. வரவேண்டாம் என்று எழுதியதும் நான்தான்.

உன் அப்பா அதற்குப்பிறகு மெஷினைத் தொட்டது ஏழெட்டு முறை இருக்கும், அதுவும் கொடிக்கம்பி, வாளிப்பிடி மாதிரி. பஸ்ஸில் போனால் சீட்டுக் கம்பியின் ஒட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே வருவார். தான் சொல்லி எச்சரித்தும் நடந்துவிட்டது என்று நம்பியதால் அவர் பிழைத்துக் கிடந்தார் என்று நினைத்தேன். அது என் நினைப்பு. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், "மச்சான் ஏன் அப்படிக் கேட்டார்னுதான் எனக்கு இன்னும் விளங்கல. அவர் பொய் சொல்லுத ஆளு இல்லயே" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தலையணையைச் சரிபண்ணினேன்.

உன் கேள்விக்குப் பதில் இதுதான். சின்ன மெஷினால் கனத்த இரும்பைப் பிடிக்க முடியாது என்று சொன்னால் அது பொய். சரிவை அடிவரைக்கும் ராவி, நல்ல கரண்ட் இருக்கிற நேரமாகப் பார்த்து, ஆறப்போட்டு ஆறப்போட்டுப் பலதடவை ஒட்டினால் பிடிக்கும். கேட், மேஜைக்கால், மாட்டுத்தொட்டிச் சட்டம் இதற்கெல்லாம் அது போதும். அதே கனத்தில் இரண்டு துண்டை ஒட்டி உடைத்துப் பார்க்காமல் எதையும் கையைவிட்டு அனுப்பாதே. ஆள் ஏறுகிற, ஆள் கீழே நிற்கிற எதையும் அதில் செய்யாதே. டிரெய்லர் அடிச்சட்டத்தின் மேல் கூலியாட்கள் உட்கார்ந்து போவார்கள், அது வேண்டாம். இதையெல்லாம் எந்தப் பட்டறையிலும் உனக்குச் சொல்லித் தருவார்கள். என்னால் மட்டும்தான் சொல்லமுடிகிற ஒன்று உண்டு. ஒட்டு பாதிதான் பிடித்திருக்கிறது என்று தெரிந்தால் அதை நீயே, உன் வாயால், வாங்கிக்கொண்டு போகிறவரிடம் சொல். உன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லி அனுப்பாதே.

உன் கடிதம் வந்த ஆறாம் நாள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். உன் அத்தை தனியாக இருக்கிறாள், கண் சரியாகத் தெரியவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "அவுகளுக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். "உங்க வீட்டுப் படி எறங்கும்போதே வெளங்கிட்டுன்னாக. அவ சொல்லலன்னு நான் சொன்னா அவ அந்த வீட்ல வாழ முடியாது, நான் பொய்யனாவே இருந்துட்டுப் போறேன்னாக. சாகுத வரைக்கும் ஊரு அவுகளத்தான் பேசிச்சு. அவுக பொறுத்துக்கிட்டாக தாயி. நான் பொறுக்கல."

நான் அவள் காலைத் தொடப் போனேன். காலை இழுத்துக்கொண்டாள். காப்பி போட எழுந்து போனாள். உள்ளே இருந்தபடியே, சுடலைமுத்துவின் சம்சாரம் பேச்சியம்மாள் இன்னமும் நம் காட்டில்தான் களை எடுக்கிறாள், இந்தத் தெரு முனையில்தான் வீடு, அவளிடமும் சொல்லிவிட்டுப் போ என்றாள்.

போனேன். பேச்சியம்மாள் வாசலில் உட்கார்ந்து வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். என்னைவிட இளையவள், பார்த்தால் மூத்தவள் மாதிரி இருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். இருக்கச் சொன்னேன். என் தாலி போனதைக் கேள்விப்பட்டதாகவும், வரமுடியவில்லை என்றும் சொல்லி வருத்தப்பட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா எப்படி எறந்து போனாக? ரொம்பக் கஷ்டப்பட்டாகளா?" என்று கேட்டாள். இல்லை, தூக்கத்தில் போய்விட்டார் என்றேன். உனக்குத் தெரியும், அவர் அப்படிப் போகவில்லை. நாலு மணிப் பஸ் வருவதாக யாரோ சொன்னார்கள். அவள் ஒரு தாளில் கொஞ்சம் வத்தலைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி போகப்போகிறேன். இந்தத் தடவை சொல்லிவிடுவேன் என்று உனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. எழுதமாட்டேன்.

உன் அம்மா